கேட் திறக்கும்வரை

நீடாமங்கலம் கேட் விழுந்துவிட்டது.
நெல் வேகன் வரும், இன்ஜின் கழற்றி மாட்டும்,
இருபது நிமிஷம் உனக்கு என்றார் ஜபருல்லா.
மேசைக் கண்ணாடியில் இரண்டு ஐம்பது எம்எம்.
ஒரே கம்பெனி, ஒரே பெயர்.
முதுகில் பொறித்த எண்ணுக்கும் எண்ணுக்கும்
பதினெட்டு வருஷம் தூரம்.

பழையது கனம்.
உள்ளங்கையில் படிக்கல்போல் உட்காருகிறது.
வளையத்தைத் திருகினால்
விட்ட இடத்தில் நிற்கிறது, மறுபேச்சில்லை.
புதியது பிளாஸ்டிக்.
கழுத்து லேசாக ஆடும்,
ஃபோகஸ் தேடும்போது கொசுவாய் முனகும்.
அது நாலாயிரத்து இருநூறு, இது ஆறாயிரத்து ஐநூறு.
என் பையில் ஆறாயிரம்;
அதிலும் ஐநூறு வெள்ளிக்கிழமை குழுவுக்குக் கட்ட வேண்டியது.

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
பழையதன் இரண்டாம் கண்ணாடி ஓரத்தில்
வெண்ணூல் ஒன்று கிளைவிட்டிருந்தது.
பூஞ்சை.
"படத்தில் விழாதும்மா" என்றார்.
"ஆத்துப் பாசன ஊரில்
பூஞ்சை பிடிக்காத சாமான் எது சொல்லு?
என் ரேஷன் கார்டிலேயே இருக்கு."

என் பிழைப்பு இரண்டு வகை.
சடங்கு வீட்டில் பிள்ளைகளின் முகம்:
பரு தெரிந்தால் பாக்கிப் பணம் வராது.
கார்த்திகையில், காப்பீட்டுக்காக, மூழ்கிய வயல்:
அழுகிய தூர் தெரியாவிட்டால்
அவர்களுக்குப் பணம் வராது.
இரண்டு லென்ஸ் வாங்க எனக்கு வழியில்லை.

இரண்டையும் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன்.
மூன்று நாள் மழைக்குப் பிறகு
அன்றைக்குத்தான் வெயில்.
லாரிமேல் அறுவடை எந்திரம்,
கொய்யா விற்கும் பையன்,
அணைத்துப் போட்ட பஸ்ஸின் நீள மௌனம்,
அதன் பின்னால் ஒரு டிராக்டர்.
குறுவை மூட்டைகள்மேல் ஒரு பெண்,
கொள்முதல் டோக்கனை
நனையாமல் ரவிக்கைக்குள் செருகியபடி.
எடுக்கலாமா என்றேன்.
தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். அதுதான் சம்மதம்.

முதலில் பழையது, முழுத் திறப்பில்.
எதிர்வெயில் கண்ணாடிக்குள் புகுந்து கலைந்தது.
வடித்த சோற்றின் ஆவிக்குப் பின்னால் இருப்பதுபோல்
மூட்டைகள் கரைந்தன.
அவள் காதோரம் மட்டும் எரிந்தது.
பிறகு புதியது.
சாக்கின் தையல் ஒவ்வொன்றும்,
அவள் நகத்தில் உலர்ந்த சேறு,
ஒரு மூட்டையின் கிழிந்த வாயில்
அரை விரல் பச்சை.
நெல் முளைத்திருந்தது.

இறங்கி வந்து திரையைப் பார்த்தாள்.
முதல் படத்தில்
தன்னை இன்னாரென்று கண்டுபிடிக்க
கொஞ்ச நேரம் ஆனது.
"நான்தானா, பரவாயில்ல. இத போனுக்கு அனுப்பு."
இரண்டாவதில் விரல் நேரே
அந்தப் பச்சைக்குப் போனது.
"இத அழிச்சிரு.
எவனாச்சும் பாத்தா ஈரம்னு திருப்பிருவான்."
அவள் கண்முன்னாலேயே அழித்தேன்.
கொய்யாப் பையன் ஏதோ கேட்டான்,
காதில் விழவில்லை.

வேகன்கள் போயின. எண்ணத் தொடங்கி
முப்பத்தொன்றில் விட்டுவிட்டேன்.

கேட் ஏறியதும் எல்லா ஹாரனும் ஒன்றாய்க் கத்தின.
கடைக்குள் வந்து
புதியதைக் கையில் எடுத்தேன்.
ஏன் என்று ஜபருல்லா கேட்கவில்லை.
கேட்டிருந்தால், அழித்த படத்தைத்தான்
காட்டியிருக்க வேண்டும்.
கார்த்திகையில் இதே பெண்
வயல்வரப்பில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி
நல்லா தெரியிற மாதிரி எடு என்பாள்.
அப்போது என்னிடம் ஆவி இருக்கக் கூடாது.

ஆறாயிரத்தையும் வைத்தேன்.
நோட்டில் எழுதிக்கொண்டார்:
செங்கமலம், ஐநூறு, பாக்கி.
வெள்ளிக்கிழமைக்கு வேறு பொய் தேட வேண்டும்.
பழையதை அவர் துடைத்து
வெயில் விழும் ஜன்னல்பக்கம் நகர்த்தினார்.
யாராவது ஒரு கல்யாணக்காரன் வருவான்.

மன்னார்குடி ரோட்டில் ஸ்கூட்டியில் போகையில்
எடைமேடை வாசலில் அந்த டிராக்டர் நின்றிருந்தது.
ஈரமானி கொண்ட கை
ஒவ்வொரு மூட்டையாய்க் குத்திப் பார்த்துக்கொண்டு வந்தது.
கிழிந்த மூட்டைமேல்
அவள் புடவை பரப்பி உட்கார்ந்திருந்தாள்.
கேமரா என் தோளில்தான் கிடந்தது,
புது லென்ஸோடு.
நான் மூடியைக் கழற்றவில்லை.